ஞாபகம் இல்லை என்று எழுதச் சொன்னவர்

யாராவது பேச வந்தால், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்றுதான் அவர் பார்ப்பார். இல்லையென்றால் மேஜை மேலிருக்கும் எவர்சில்வர் டம்ளரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இப்பச் சொல்லுங்க" என்பார். வந்தவருக்கு அதற்குள் பாதி விஷயம் மறந்திருக்கும். மெக்கானிக்குகள் அவருக்கு 'ரிப்போர்ட்டக்கா' என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேரிலேயே கூப்பிட்டார்கள், அவரும் "என்னுங்க" என்று திரும்பினார். சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் சந்தோஷப்படுவாரா, சங்கடப்படுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது எப்போதுமே கொஞ்சம்தான்.

நான் வேலை பார்ப்பது சிங்காநல்லூரில் ஒரு லிப்ட் சர்வீஸ் கம்பெனியில். கோயமுத்தூரில் அபார்ட்மென்டுகள் எழும்ப எழும்ப எங்களுக்கும் வேலை கூடிக்கொண்டே போனது. எங்காவது லிப்ட் நின்றுவிட்டால் எனக்குத்தான் போன் வரும். நான் மெக்கானிக்கை அனுப்புவேன். அவர் போய்ப் பார்த்து, என்ன செய்தார் என்று சர்வீஸ் சீட்டில் எழுதி, அங்கே கையெழுத்து வாங்கி வர வேண்டும். ரிப்போர்ட்டக்கா வருவதற்கு முன்னால் எல்லாச் சீட்டிலும் ஒரே வாசகம்தான். 'செக் செய்தது. ஓகே.' மோட்டார் எரிந்துபோன லிப்டுக்கும் அதுதான், பல்பு மாற்றிய லிப்டுக்கும் அதுதான்.

பெரிய பில்டர் ஒருவர், பதிவுகள் ஒழுங்காக இருந்தால்தான் காண்ட்ராக்ட் என்று சொல்லிவிட்டதால், எங்கள் முதலாளி ரிப்போர்ட்டக்காவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். சூலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அதற்கு முன் ஏதோ ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி செக்ஷனில் இருந்தாராம். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், பழைய சீட்டுக் கட்டுகளை எல்லாம் பிரித்து வைத்துக்கொண்டு படித்தது. 'ஓகே', 'ஓகே' என்று ஒரே வரியை ஒருவர் நாள்கணக்காக எப்படிப் படிக்க முடியும் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

பிறகு மெக்கானிக்குகளை உட்காரவைத்தார். திட்டு விழும் என்று எல்லோரும் தயாராக வந்திருந்தார்கள். அவர் இப்ராஹிம் பாயிடம் ஒரு சீட்டை நீட்டினார். பாய்தான் எங்களிடம் இருந்தவர்களிலேயே அனுபவஸ்தர், கோட்டைமேட்டுக்காரர்.

"ஓகேன்னு இருக்குதுங்களே பாய். எது ஓகே?"

"லிப்டு ஓடுதுங்கம்மா."

"ஓடாம நின்னது எதனாலங்க?"

பாய் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். "அதெல்லாம் இங்க இருக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரிப்போர்ட்டக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். அந்த லிப்டின் பெயருக்கு நேராக, 'காரணம்: பாய் தலையில் இருக்கிறது' என்று எழுதியிருந்தார். கேலியாக எழுதினாரா, உண்மை என்பதால் எழுதினாரா என்று அப்போதே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது.

பாய் தன் மச்சினி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, ஒரு கிளினிக்கில் லிப்ட் நின்றுவிட்டது. பாயின் போன் சுவிட்ச் ஆஃப். செல்வராஜை அனுப்பினேன். செல்வராஜ் சென்னிமலைக்காரர், பெட்ஷீட் நெய்கிற குடும்பம், அடக்கமான ஆள். காலையில் போனவர் பொழுது சாயும் வரைக்கும் ஒவ்வொரு வயராகத் தேடினார். நடக்க முடியாத நோயாளிகளை நாற்காலியில் வைத்துப் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் என்னை போனில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கல்யாணம் முடிந்து வந்த பாய் கேட்டதும் சிரித்துக்கொண்டே சொன்னார். "அதுங்களா, மழை பேஞ்சா நாலாவது மாடிக் கதவு லாக்குல ஈரம் புடிச்சுக்கும். துணியில தொடச்சுட்டா ஓடுமுங்க."

செல்வராஜின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டக்கா பாயைக் குற்றம் சொல்லவில்லை. செல்வராஜைக் கூப்பிட்டு, "உங்களுக்கு அன்னைக்கு எப்படிப் போச்சுன்னு பாய்கிட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். செல்வராஜ் சொன்னார். நாற்காலியில் தூக்கிப்போன ஒரு வயதான அம்மா, வலியைப் பொறுத்துக்கொண்டு, 'உன்னைய நெம்பச் செரமப்படுத்தறோம் கண்ணு' என்று இவரிடமே சொன்னதையும் சொன்னார். பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு கேட்டார்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்குங்கம்மா?"

அறையில் இருந்த எல்லோருக்கும் அதுதான் பயம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சமாதானம் சொல்லியிருப்பார்கள். 'உங்களை யாருங்க அனுப்புவாங்க' என்று நான்கூடச் சொல்லியிருப்பேன். அவர் யோசித்தார்.

"அது எனக்குத் தெரியலைங்க பாய்" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் பாய் என்னவோ தலையாட்டினார். ஏமாற்றாமல் பேசினார் என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாள் அவரை சைட்டுக்கு வரச் சொன்னார்.

அப்புறம் கொஞ்ச நாள் அவர் பாயோடு பில்டிங் பில்டிங்காக ஏறி இறங்கினார். மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்துகொள்வார். பாய் உள்ளே வேலை செய்துகொண்டே பேசுவார், இவர் அப்படியே எழுதுவார். திருத்தமாக எல்லாம் எழுத மாட்டார். 'கதவு சாத்தும்போது கறக்குன்னு ஒரு சத்தம் வரோணும், வரலைன்னா ரோலர் போச்சு' என்று பாய் சொன்னால் அதேதான் தாளிலும் இருக்கும். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுவார். பாய் தன் பேச்சைத் தானே கேட்டுவிட்டு, "அப்படி இல்லீங்க, அடிச்சுப்போட்டு எழுதுங்க" என்று திருத்துவார். எழுதவே மாட்டேன் என்று நின்றவர், சொல்வதில் ஒரு வார்த்தை பிசகினால் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்.

அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு செல்வராஜ் ஒரு நாள் பாயின் லிப்ட் ஒன்றைத் தானே சரிசெய்துவிட்டு வந்தார். பாய் ஆபீசுக்கு வந்ததும் சொன்னேன். "என்னைய ஒரு போன்கூடப் பண்ணுலியா?" என்று கேட்டார். பெருமையாகக் கேட்டாரா, மனது நொந்து கேட்டாரா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. ரிப்போர்ட்டக்காவும் அந்த முகத்தைப் பார்த்தார்.

செல்வராஜ் எழுதத் தயங்கியதற்குக் காரணம் வேறு. பள்ளிக்கூடத்தில் பிழை பிழையாக எழுதி நிறைய அடி வாங்கியவர். பேனாவைக் கையில் கொடுத்தாலே வியர்க்கும். "எழுத்துப் பிழை வருமுங்க்கா" என்றார்.

"வரட்டுமுங்க. லிப்டு என்ன தமிழ் வாத்தியாரா?"

"என்ன ஃபால்ட்டுன்னே சில சமயம் தெரியாதுங்க்கா. தானா நிக்கும், தானா ஓடும்."

"தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. அடுத்து வர்றவிங்களுக்கு அதுவும் ஒரு சேதிதான். தெரிஞ்ச மாதிரி மட்டும் எழுதிப்போடாதீங்க."

இதை அவர் எல்லோரிடமும் சொன்னார். செல்வராஜ்தான் அப்படியே பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அவர் சீட்டுகள் நீண்டுகொண்டே போயின. 'ரெண்டாவது மாடி அம்மா கதவை டமாருன்னு சாத்தறாங்க. சொன்னேன். கேக்கலை' என்றெல்லாம் எழுதுவார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் அவற்றைச் சத்தமாகப் படிப்பேன், எல்லோரும் சிரிப்போம், செல்வராஜும் வெட்கப்பட்டுக்கொண்டே சிரிப்பார். எழுதிய சீட்டை உடனே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிப்போர்ட்டக்கா ஒரு குரூப்பும் வைத்திருந்தார். வருகிற ஒவ்வொன்றையும் அப்போதே படிப்பார். படிக்கமாட்டார்கள் என்று தெரிந்தால் யாரும் ஒழுங்காக எழுத மாட்டார்கள் என்பார்.

இந்தப் பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஆபீசில் பல கதைகள் உலவின. பழைய மில்லில் யாரோ இவர் மேல் பழி போட்டுவிட்டார்களாம். இல்லை, மிஷினில் கை போனவர் ஒருவர் இவருக்கு உறவாம். ஒரு தரம் நானே கேட்டுவிட்டேன். "எனக்கு ஞாபக சக்தி கம்மி அம்மணி, அதான்" என்றார். எங்கள் சைட் வாட்ச்மேன்கள் அத்தனை பேர் போன் நம்பரும் அவருக்கு மனப்பாடம்.

சூலூரில் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். எழுதும் சாமான் ஒன்றுகூட கண்ணில் படவில்லை. காலண்டரில்கூட ஒரு கிறுக்கல் இல்லை. அவர் வீட்டுக்காரர் பவர்லூம் போட்டிருக்கிறார், கலகலப்பான மனுஷர். "ஆபீசுல எல்லாரையும் எழுதச் சொல்லி உசிர வாங்கறாளாமா? இங்க மளிகைச் சீட்டு எழுதச் சொன்னா எழுத மாட்டா" என்றார். நான் ரிப்போர்ட்டக்காவைப் பார்த்தேன்.

"ஊட்டுல மறந்தா என்ன ஆயிரும் அம்மணி? ஒரு நாளைக்குப் புளி இருக்காது" என்றார்.

ஆபீஸ் சார்பில் ஒரு தரம் வேன் வைத்து ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குப் போனோம். வேண்டுதலைச் சீட்டில் எழுதி அம்மனிடம் வைப்பார்கள். மெக்கானிக்குகள் ஆளாளுக்கு எழுதினார்கள். "தெளிவா எழுதுங்க்கா, அம்மனுக்குச் சந்தேகம் வந்துறப் போவுது" என்று செல்வராஜ் ரிப்போர்ட்டக்காவைக் கிண்டல் செய்தார். இவர் வெறும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றிருந்தார். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கேக்கறதுக்கு ஒன்னுமில்லீங்களாக்கா?"

"இருக்குது அம்மணி. எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியலை."

ஜம்பர் விவகாரம் நடந்தது அதற்கடுத்த மாதம். லிப்ட் கதவு முழுசாகச் சாத்தியிருந்தால்தான் லிப்ட் நகரும். அதற்கு ஒரு பாதுகாப்பு வைத்திருப்பார்கள். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க, மெக்கானிக் அந்தப் பாதுகாப்பைத் தாண்டி ஒரு துண்டு வயரைப் போட்டு ஓட்டிப் பார்ப்பார். ஜம்பர் என்பார்கள். பார்த்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்து விட்டுவிட்டால் கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் கிளம்பும். காலை உள்ளே வைப்பவர்கள் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

சாயிபாபா காலனியில் ஒரு அபார்ட்மென்டில் செல்வராஜ் அப்படி ஜம்பர் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். முதலாளிக்கு வேண்டிய ஒருவர் ஆர்.எஸ்.புரத்தில் வேறொரு லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார். என்னிடம்கூடச் சொல்லாமல் முதலாளியே செல்வராஜை போனில் கூப்பிட்டு, போட்டது போட்டபடி உடனே வரச் சொல்லிவிட்டார். செல்வராஜ் லிப்டை ஆன் செய்துவிட்டு ஓடினார். அங்கே மாட்டியிருந்தவரை வெளியே எடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து முதல் வேலைக்கான சீட்டை எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினார்.

நான் ரிப்போர்ட்டக்காவின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். போனைப் பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார். 'லாக் லைன்ல ஜம்பர் போட்டேன். எடுத்தனா இல்லையான்னு ஞாபகம் இல்லை' என்று எழுதியிருந்தது.

அந்த பில்டிங் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். குரல் உயரவே இல்லை. "ஏனுங்க, லிப்டு மெயினை எறக்கிப்போடுங்க. இப்பவே. நான் லைன்லயே இருக்கறேன். எறக்கிப்போட்டீங்களா? உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு பாருங்க. நாங்க வர்ற வரைக்கும் யார் சொன்னாலும் ஏத்தாதீங்க." பிறகு பாயை அனுப்பினார். பாய் போய்ப் பார்த்துவிட்டு என் போனுக்குத்தான் கூப்பிட்டார். ஜம்பர் அப்படியே இருந்தது. பள்ளிக்கூட வேன் வந்து குழந்தைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "அல்லா காப்பாத்துனான் அம்மணி" என்றார் பாய்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சீட்டின் நகல் அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கும் போகும். அதன் செக்ரட்டரி படித்துவிட்டார். போட்ட வயரை எடுத்தேனா என்று ஞாபகம் இல்லை என எழுதுகிற ஆளை நம்பி எங்கள் பிள்ளைகளை எப்படி லிப்டில் ஏற்றுவது என்று ஆபீசுக்கு வந்து நின்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. காண்ட்ராக்டை ரத்து செய்வேன், மற்ற பில்டிங்காரர்களுக்கும் சொல்வேன் என்றார். மறுநாள் முதலாளி செல்வராஜை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

ஆபீசே மாறிப்போனது. சீட்டுகளில் மறுபடி 'செக் செய்தது. ஓகே' வந்தது. ரிப்போர்ட்டக்கா பேனாவை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள், எழுத மாட்டார்கள். பாய் மட்டும் அவரோடு பேசினார், அதுவும் டீ வேணுமா என்கிற அளவில்.

ரிப்போர்ட்டக்கா என்னைக் கூட்டிக்கொண்டு செல்வராஜ் வீட்டுக்குப் போனார். செல்வராஜ் ஒண்டிப்புதூரில் வாடகைக்கு இருந்தார். அவர் மனைவி எங்களை உட்காரச் சொன்னார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. செல்வராஜ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சொன்னீங்கன்னுதான எழுதுனேன்?"

"ஆமாங்க" என்றார் ரிப்போர்ட்டக்கா.

"ஓகேன்னு எழுதியிருந்தா எனக்கு வேலை போயிருக்காது."

"போயிருக்காதுங்க."

"நான் பண்ணுனது நல்லதா தப்பா? நீங்களே சொல்லுங்க."

நீ எழுதியதால்தான் குழந்தைகள் பிழைத்தன என்று அவர் சொல்வார் எனக் காத்திருந்தேன். அது உண்மையும்கூட. செல்வராஜும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"ஜம்பரை மறந்தது தப்புங்க. எழுதுனது நல்லதுங்க. ரெண்டையும் நீங்கதான் பண்ணுனீங்க" என்றார் அவர்.

செல்வராஜ் எழுந்து உள்ளே போய்விட்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும், ஒரு ஆறுதல் வார்த்தைக்கு என்ன பஞ்சம் என்று மனதுக்குள் கொதித்துக்கொண்டே வந்தேன். பஸ் வந்தது. ரிப்போர்ட்டக்கா ஏறவில்லை. அடுத்த பஸ் வந்தபோதும் ஏறவில்லை. "இல்ல அம்மணி, ஆபீசுக்குப் போலாம்" என்று எதிர்ப்பக்கம் நடந்தார்.

எங்களிடம் விபத்து, தவறு எல்லாம் எழுதிவைக்கும் பைண்ட் செய்த ரிஜிஸ்டர் ஒன்று உண்டு. யாரும் கிழிக்கக்கூடாது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் அவரே நம்பர் போட்டு வைத்திருந்தார். அன்று அதில் நடந்ததை முழுசாக எழுதினார். செல்வராஜ் மறந்ததை எழுதினார். வேலை பாதியில் இருக்கும்போது அவரைக் கிளம்பி வரச் சொன்னது முதலாளி என்பதையும் எழுதினார். எழுதிக் கொண்டுபோய் முதலாளி முன்னாலேயே வைத்தார். நடுவில் கண்ணாடித் தடுப்புதான், நான் உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் கேட்டது.

முதலாளி கெட்டவர் இல்லை. நெகமத்துப் பக்கம் விவசாயக் குடும்பம், கஷ்டப்பட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். எழுதியதை இரண்டு தரம் படித்தார்.

"இது வெளிய போனா கம்பெனி இருக்காது அம்மணி. பொழைக்கறவிங்க அத்தனை பேரும் தெருவுக்கு வருவாங்க. இதைக் கிழிச்சுப்போடுங்க."

"கிழிக்கலாமுங்க. கிழிச்சதை எழுதோணுமுங்க."

"என்னத்தையோ எழுதிக்கங்க. இந்தப் பக்கம் இருக்கக்கூடாது." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "இது போச்சுன்னா அந்தப் பையனைத் திங்கக்கெழமை வரச் சொல்லிப்போடுங்க. செக்ரட்டரியை நான் பாத்துக்கறேன்."

ரிப்போர்ட்டக்கா மறுத்துவிடுவார் என்று நான் உறுதியாக நினைத்தேன். சம்பளத்தை விட்டெறிந்துவிட்டுப் போவார், போகவேண்டும் என்றுகூட நினைத்தேன். அவர் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து என் மேஜையில் வைத்தார். என் ஸ்கேலைக் கேட்டார். பக்கத்தின் ஓரத்தில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பிசிறு இல்லாமல் கிழித்தார். உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து அடுத்த பக்கத்தில் எழுதினார். 'இதற்கு முன்னால் ஒரு பக்கம் இருந்தது. நான் கிழித்தேன்.' கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் பேனாவை மூடாமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதோ எழுதப் போகிறார் என்று இருந்தேன். மூடிவிட்டார்.

செல்வராஜ் திங்கட்கிழமை வந்தார். ரிப்போர்ட்டக்கா இருந்த பக்கமே திரும்பவில்லை. ரிப்போர்ட்டக்கா அந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டு நின்றுவிட்டார். "தறியைப் பாத்துக்க ஆள் வேணுமுங்குது அம்மணி" என்றார். அது உண்மையா, என்னிடம் சொல்வதற்காகச் சொன்னதா, கேட்கவில்லை. தன் டம்ளரைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு, பேனாக்களை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு ஒரு நாள் டீ குடிக்கும்போது செல்வராஜ் அவரைப் பற்றிப் பேச்செடுத்தார். "முதலாளி நல்லவரா இருந்ததால தப்பிச்சேனுங்க்கா. அந்தம்மாவை நம்பியிருந்தா என் குடும்பம் நடுத்தெருவுல நின்னிருக்கும்." எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் சொல்லாதே என்று என்னிடம் சொல்லவும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கேட்டதையெல்லாம் சொன்னேன். அவர் நம்பாமல் ரிஜிஸ்டரைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை விரலை வைத்துப் படித்தார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"எதுக்குக் கிழிச்சாங்கன்னு எழுதலீங்களே."

"இல்லீங்க."

"நம்மளை மட்டும் காரணத்தை எழுது, காரணத்தை எழுதுன்னாங்க."

ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் சூலூருக்குப் போனார். திங்கட்கிழமை காலை வேலையை முடித்துவிட்டு ஆபீசுக்கு வந்ததும் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. தறிச் சத்தத்துல ஒன்னும் கேக்கலை, நிறுத்திப்போட்டு வந்தாங்க. எதுக்குங்க்கா கிழிச்சீங்கன்னு கேட்டேன். நெம்ப நேரம் ரோசனை பண்ணுனாங்க. 'உங்களுக்காகன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும் செல்வராஜ். ஆனா அன்னைக்கு எனக்கும் பயமா இருந்துச்சு. எது காரணம்னு பிரிச்சுச் சொல்லத் தெரியலை'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கெளம்பி வந்துட்டேனுங்க. கோபமாத்தான் போனேன். அவிங்க ஊட்டுக்காரரு பைக்குல கொண்டாந்து பஸ் ஸ்டாண்டுல உட்டாரு. வழியில பூரா நூல் வெலையைப் பத்திப் பேசிட்டு வந்தாரு. பஸ்ஸுல உக்காந்தா கோபத்தைக் காணோம்."

அவர் சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குள் என் போன் அடித்தது. கணபதியில் ஒரு லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மா இருக்கிறார். செல்வராஜிடம் விலாசத்தைச் சொன்னேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு பாதி எழுதியிருந்த காலை வேலையின் சீட்டை எடுத்து என் மேஜையில் வைத்துக் குனிந்துகொண்டார்.

"செல்வராஜ், ஆள் உள்ள மாட்டியிருக்குது" என்றேன்.

"இருங்க்கா. இதை முடிக்காம போனா மறந்துரும்."

மறுபடி போன் அடித்தது. உள்ளே மாட்டியிருந்த அம்மாவேதான். மூச்சு வாங்கப் பேசினார், யாராவது வருகிறார்களா என்று கேட்டார். "கிளம்பிட்டாங்கம்மா, வந்துட்டே இருக்காங்க" என்றேன். செல்வராஜ் தலை நிமிரவில்லை. உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தார்.